ஸ்டோருக்கு எதற்குக் காற்று

சாந்தோம்
23 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள ஆஃபிக்கு,

உன் அம்மீ எங்கள் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. வேலை எப்படி என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். அதற்கு ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு நான், வெள்ளி நீ, மெயிலில், தமிழில் என்று நீ மஸ்கட் புறப்பட்ட அன்று போட்ட ஒப்பந்தம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அப்பாவும் நம் இருவர் மெயிலையும் வாங்கிப் படித்து ஒற்றுப்பிழை தேடுகிறார். போன மாதம் உனக்கு இரண்டு, எனக்கு ஐந்து. ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு மகளைவிட மாணவிதான் உசத்தி.

அம்மீ காலை எட்டரைக்கு ராயப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறார்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, சிப்பந்திகளின் சீருடை, எல்லாவற்றிலும் கிழிந்ததைத் தைக்க வேண்டும். கூட இஸ்திரிக்கு முத்தம்மா என்று நொச்சிக்குப்பத்து அம்மாள் ஒருவர். இரண்டு பேருக்கும் முதல் நாளே ஒத்துப்போய்விட்டது. உன் வாப்பா காலமான பிறகு வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்கள் இப்போது மதியம் யாரோடு சாப்பிட்டேன், என்ன குழம்பு என்று எனக்குச் சொல்கிறார்கள். அதுவே எனக்குப் போதும்.

ஓட்டல் நன்றாக வந்திருக்கிறது, ஆஃபி. முதலாளி கடல் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்றார். அப்படி வைத்தால் காலை வெயில் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், பசுமைக் கட்டடச் சான்றிதழில் புள்ளி போய்விடும். அதனால் ஜன்னல் சிறிதாயிற்று, மேலே நிழலுக்குக் கான்கிரீட் பலகை நீண்டது. குளித்த தண்ணீர் சுத்தமாகிக் கழிப்பறைக்குப் போகிறது. புல்தரை கேட்ட இடத்தில் பூவரசும் புங்கையும் நிற்கின்றன. எங்கள் அலுவலகத்துக்கு ஆலோசகர் என்று பெயர். ஆனால் இந்தக் கட்டடத்தை வரைந்தது கட்டடக் கலைஞரும் இல்லை, நாங்களும் இல்லை. அந்தப் புள்ளிப் பட்டியல்தான் வரைந்தது என்று சில நாள் தோன்றும். சான்றிதழின் உச்ச நிலையான பிளாட்டினம் கிடைக்கும் என்று என் மேலதிகாரி லாய்ட் நிச்சயமாக இருக்கிறார்.

உங்கள் வீட்டு மாற்றுச் சாவி என் பையில் பத்திரமாக இருக்கிறது. புதன்கிழமை போய் எட்டிப் பார்ப்பேன்.

எப்போதும் போல,
ஷெரி


மஸ்கட்
28 பிப்ரவரி 2025, வெள்ளி

என் ஷெரிக்கு,

நீ அம்மீக்கு வேலை வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி சொன்னால் திட்டுவாய். அதனால் சொல்லவில்லை.

நேற்று அவளோடு ஒரு மணி நேரம் போனில் பேசினேன். ஒரு மணி நேரமும் உன் ஓட்டலைப் பற்றித்தான். அம்மீ தைக்கும் அறையில் விளக்கு தானாக அணைந்துவிடுகிறதாமே? ஆள் நடமாட்டம் இருந்தால்தான் எரியுமாம். அம்மீ தையல் மிஷினில் குனிந்து உட்கார்ந்தால் விரல் மட்டும்தான் அசைகிறது, அது போதவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருட்டு. "பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரி காட்டிக்கினே தைக்கிறேன் பேட்டா. எந்த பஸ்ஸும்தான் நிக்க மாட்டேங்குது" என்கிறாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

முத்தம்மா இன்னும் மேல். கதவில் இங்கிலீஷில் லினன் ஸ்டோர், அதாவது துணிக் கிடங்கு, என்று எழுதியிருக்கிறதாம். அம்மீ வாசித்துச் சொன்னதற்கு அவர், "அப்ப நாம ஆளுங்க இல்லக்கா, ஸ்டாக்கு. வருசத்துக்கு ஒருக்கா எண்ணிப் பாப்பானுங்க" என்றாராம்.

சிரித்து முடித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றியது. அந்த அறையில் ஜன்னலே இல்லையா? சாயங்காலம் தலை வலிக்கிறது என்று அம்மீ இரண்டு தடவை சொன்னாள். நாளைக்கோ மறுநாளோ நோன்பு வேறு தொடங்குகிறது. நீ கட்டின ஓட்டல் அல்லவா, ஒரு தடவை கீழே இறங்கிப் பாரேன்.

என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் தினமும் எனக்கு ஒரு பேரீச்சம்பழம் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி போகிறாள். உன் அப்பாவுக்கு, என் வில்லியம் சாருக்கு, என் சலாம். இதில் ஒற்றுப்பிழை இருந்தால் மஸ்கட் வெயில்தான் காரணம்.

உன்னுடைய,
ஆஃபி


சாந்தோம்
9 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள ஆஃபிக்கு,

போன ஞாயிறு எழுதாததற்கு மன்னித்துவிடு. சான்றிதழ் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

விளக்கு விஷயம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக வைத்தது. ஆள் இல்லாத இடத்தில் எரிய வேண்டாம் என்று. நேரத்தைக் கூட்டி வைக்கச் சொல்லிப் பார்க்கிறேன். அறை அடித்தளத்தில் இருப்பதால் ஜன்னல் வைக்க வழியில்லை. ஆனால் ஏசி இருக்கிறது, நல்ல குளிர்ச்சி. அதனால் நீ கவலைப்பட வேண்டாம். தலைவலி கண்ணாடி மாற்ற வேண்டியதாலும் இருக்கலாம்.

புதன்கிழமை எங்கள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு அப்படியே ராயப்பேட்டைக்குப் போனேன். அம்மீ நோன்புக்கஞ்சி கொடுத்தார்கள். "நீயும் விரதம், நானும் நோன்பு, யாருதான் சாப்புடுறது இந்த வூட்ல?" என்று கேட்டுவிட்டு எனக்கு இரண்டாவது கிண்ணமும் ஊற்றினார்கள். கீழ்வீட்டு ஹாஜிரா பீ உன்னை விசாரித்தார்கள்.

வேறு விசேஷம் இல்லை. இந்த மெயில் சின்னதாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது.

ஷெரி


சாந்தோம்
15 மார்ச் 2025, சனி

ஆஃபி,

போனில் நீ அழுதுகொண்டே இருந்ததால் எதையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று மதியம் மூன்றரை மணிக்கு அம்மீ மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டார்கள். முத்தம்மா வெளியே தூக்கி வந்து படிக்கட்டில் கிடத்தியிருக்கிறார். எனக்கு அழைப்பு வந்ததும் ஓடினேன். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ஆட்டோவிலேயே கண் திறந்துவிட்டார்கள். வெளிக்காற்று பட்டதும் முகம் தெளிந்தது. அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் எல்லாம் பார்த்தார்கள், குறையில்லை. வெறும் வயிறு, மார்ச் வெயில், ஐம்பத்தெட்டு வயது. நோன்புதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இப்போது வீட்டில் இருக்கிறார்கள். ஹாஜிரா பீ பக்கத்திலேயே இருக்கிறார்கள். நேற்றைய நோன்பு முறிந்ததைத்தான் பெரிதாக நினைத்து வருத்தப்படுகிறார்கள். மீதி நாளும் விடவேண்டியிருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். நீ சொன்னால் கேட்பார்கள்.

தைரியமாக இரு.
ஷெரி


மஸ்கட்
16 மார்ச் 2025

என் ஷெரிக்கு,

சொல்லிவிட்டேன். நோன்பை விடு, இல்லையென்றால் வேலையை விடு என்றேன். என் அம்மீயிடம் இப்படிப் பேசுவேன் என்று நினைத்ததில்லை.

அவள் ஏழு வயதில் வைக்கத் தொடங்கியவள். நான் வயிற்றில் இருந்தபோதும், மருத்துவச்சி திட்டத் திட்ட வைத்தவள். இரண்டு நாள் பேசவே மாட்டாள் என்று நினைத்தேன். ராத்திரியே கூப்பிட்டாள். "சரி. வேலைய விட்டா முத்தம்மா தனியா கெடக்கும். நோம்ப விட்டுர்றேன். நாளைக்கி அல்லா கேட்டா இன்னா சொல்றது? ஷெரிலும் நீயும் சொன்னீங்கன்னு சொல்லட்டா?" என்றாள். சொல் அம்மீ, நாங்கள் இருவரும் வந்து சாட்சி சொல்கிறோம் என்றேன். சிரித்தாள். சிரித்தாளா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நீ அங்கே இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேன்? உனக்குத் தெரியாது ஷெரி, இங்கே ஸ்டாஃப் ரூமில் உன்னைப் பற்றிச் சொல்லும்போது சிநேகிதி என்று சொல்வதில்லை. ஊரில் என் வீட்டுச் சாவி வைத்திருப்பவள் என்றுதான் சொல்வேன்.

உன்னுடைய,
ஆஃபி


சாந்தோம்
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

அன்புள்ள ஆஃபிக்கு,

நான்கு ஞாயிறு எழுதவில்லை. ரம்ஜானுக்குக்கூட வாழ்த்து ஒரு வரிதான் அனுப்பினேன். இதை அப்பாவிடம் காட்டாமல் அனுப்புகிறேன். பிழை இருக்கும்.

அம்மீ மயங்கியது நோன்பினால் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

சான்றிதழில் ஒரு பகுதி பகல் வெளிச்சம். மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடங்களில் முக்கால் பங்குக்கு மேல் சூரிய வெளிச்சம் வர வேண்டும். போன ஜூனில் கணக்குப் போட்டபோது எங்களுக்கு எழுபத்து மூன்று சதவீதம் வந்தது. அடித்தளத்துத் தையல் அறைதான் கணக்கைக் கீழே இழுத்தது. லாய்ட் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஸ்டோர்னு போடு ஷெரில். ஸ்டோர் கணக்குல வராது. ரூமு அங்கியேதான் இருக்கப் போவுது, பேரை மட்டும் மாத்து" என்றார். மாற்றினேன். ஒரு நிமிட வேலை. எழுபத்தாறு ஆயிற்று.

விண்ணப்பத்தோடு அனுப்பும் பிரதியில் மட்டும் மாற்றுவதாக நினைத்தேன். மூல வரைபடத்தில் மாற்றிவிட்டேன். அங்கிருந்து அது எல்லோருக்கும் போயிற்று. மின்சாரக்காரர் ஸ்டோருக்கு உரிய விளக்கை வைத்தார். ஏசிக்காரர் வெளிக்காற்று கொண்டுவரும் குழாயை எடுத்துவிட்டார். துணி பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் குளிர்ச்சி மட்டும் கொடுத்தார். உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்து குளிர்ந்து சுற்றும். அந்த ஏசி வரைபடம் ஒப்புதலுக்கு என் மேஜைக்கு வந்தது. குழாய் இல்லை என்று பார்த்தேன். இப்போது திருப்பி மாற்றினால் ஏன் என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அப்படியென்றால் அம்மீயை ஏன் அங்கே சேர்த்தேன் என்று கேட்பாய். மறந்திருந்தேன் என்றால் நம்புவாயா? திறப்பு விழாப் பரபரப்பில் அது எனக்குக் காகிதத்தில் இருந்த ஒரு பெயராகத்தான் இருந்தது. விளக்குக்குக் கை ஆட்டுகிறார்கள் என்று நீ எழுதிய அன்றுதான் அந்த அறை என் கண் முன்னால் வந்தது. நீ சிரித்த இடத்தில் நான் மெயிலை மூடி வைத்தேன். ஆனாலும் உனக்கு, 'நல்ல குளிர்ச்சி' என்று எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை செய்யும் இடம் எப்படி என்று என்னைத்தான் கேட்டார். "ஏசி ரூம் டாக்டர். ரம்ஜான் நோன்பு இருக்காங்க" என்றேன். அதற்கு மேல் அவர் என்ன நினைப்பார்? கட்டிலில் அம்மீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

போன சனிக்கிழமை நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கும்போது முத்தம்மாவைப் பார்த்தேன். அன்று அவருக்கு விடுமுறை, அக்காள் கடையில் உட்கார்ந்திருந்தார். நோன்பு முடிந்துவிட்டதே, அம்மீ நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டேன். "எங்கம்மா? மூணு மணியானா அந்தம்மாக்குத் தலைய புடிச்சிக்குது. எனக்குந்தான் கண்ணு இருட்டிக்கினு வருது. நான் இன்னா நோம்பா கீறேன்? காலைல நாலு இட்லி துன்னுட்டுதான் வரேன்" என்றார். பிறகு சங்கரா மீனைத் திருப்பிக் காட்டி, "இங்க கடலு காத்து ஆள அடிச்சிக்கினு போவுது. அங்க போனா காத்தே கெடையாது. ஸ்டோருக்கு எதுக்குக் காத்துன்னு வுட்டானுங்க போல" என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பெயரை மாற்றியது நான் என்று அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காற்றின் தரத்தை அளக்கும் மானியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வரவேற்பறையில் விருந்தாளிகளுக்கென்று சுவரில் ஒரு திரை வைத்திருக்கிறோம், காற்று எவ்வளவு தூய்மை என்று அது காட்டும். அங்கே கரியமில வாயு பத்து லட்சத்துக்கு அறுநூறு பங்கு; ஆயிரத்தைத் தாண்டினால் வெளிக்காற்று போதவில்லை என்று அர்த்தம். கீழே, இஸ்திரி ஓடிக்கொண்டிருந்த அறையில், இரண்டாயிரத்து எழுநூறு. அம்மீ நிமிர்ந்து பார்த்து, "அது இன்னாது கையில, போனா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

சான்றிதழ்க் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். வரைபடத்தில் பெயரை மாற்றியது நான், அந்தப் புள்ளிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அறைக்கு வெளிக்காற்று கொடுத்தே தீர வேண்டும் என்று. பிரதி ஓட்டலுக்கும் லாய்டுக்கும். வியாழன் சாயங்காலம் அம்மீயிடமும் சொன்னேன். அவர்கள் டீ போட்டுக் கொடுத்தார்கள்.

நேற்று கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் சொல்வது எளிதாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அம்மீயின் பிள்ளை இல்லை.

மன்னிப்புக் கேட்கும் வார்த்தையை எழுதி எழுதி அழித்தேன். இப்படியே அனுப்புகிறேன்.

ஷெரில்


மஸ்கட்
2 மே 2025, வெள்ளி

அன்புள்ள ஷெரிலுக்கு,

உன் கடிதம் வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. கோபத்தில் எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். கோபம் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்ததற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். ஓட்டலில் அம்மீயைப் போன வாரம் நிறுத்திவிட்டார்கள். தையலையும் இஸ்திரியையும் ஈக்காட்டுத்தாங்கலில் யாரிடமோ வெளியே கொடுத்துவிட்டார்களாம். முத்தம்மாவைப் பாத்திரம் கழுவப் போட்டிருக்கிறார்கள். நீ உண்மையைச் சொன்னாய், அதனால் அம்மீக்கு வேலை போயிற்று. இதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த அறையில் அவள் இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயரை மாற்றியதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். மேலதிகாரி பின்னால் நின்றுகொண்டு சொன்னால் நானும் மாற்றியிருப்பேனோ என்னவோ.

ஆனால் பதினேழு நோன்பு, ஷெரில். அவள் முறித்தது ஒன்று, நான் விடவைத்தது பதினாறு. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளை மிரட்டினேன். காற்றில்லாத அறையின் குற்றத்தை நீ அவளுடைய நோன்பின் மேல் போட்டாய். அவள் அதை நம்பினாள். ரம்ஜான் அன்று போனில், "இனிமே என் உடம்புக்கு நோம்பு ஒத்துக்காது போல பேட்டா" என்றாள். தன் உடம்பைப் பற்றி அல்ல, தன்னை யாரோ வேண்டாம் என்று சொல்லிவிட்ட மாதிரி சொன்னாள். அந்தக் குரலை நீ கேட்கவில்லை.

விட்ட நோன்புகளை இப்போது திருப்பி வைக்கிறாள், இந்த அக்கினி வெயிலில், தனியாக. ஒரு நாள்கூட மயங்கவில்லை.

உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேச அவள் விடமாட்டேன் என்கிறாள். அது அவள். நான் வேறு. நீ வந்து போனால் அவள் உனக்குக் கஞ்சி ஊற்றுவாள், நீ குடிப்பாய், எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அதை என்னால் இங்கிருந்து தாங்க முடியாது.

சாவியை ஹாஜிரா பீயிடம் கொடுத்துவிடு.

வில்லியம் சார் என்னைப் பற்றிக் கேட்டால், வேலை அதிகம் என்று சொல்.

ஆஃப்ரீன்


சாந்தோம்
11 மே 2025, ஞாயிறு

அன்புள்ள ஆஃப்ரீனுக்கு,

சாவியைக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இது. பதில் வேண்டாம்.

உனக்குத் தெரியவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. சான்றிதழ்க் குழு என் கடிதத்தைப் பார்த்து ஆய்வாளரை அனுப்பியது. அவர் வரும்போது அந்த அறையில் மிஷினும் இல்லை, மேஜையும் இல்லை. அலமாரிகளில் விரிப்புகள் மடித்து அடுக்கியிருந்தன. கதவில் ஸ்டோர் என்று இருந்தது, உள்ளேயும் ஸ்டோர்தான் இருந்தது. வரைபடம் சரி என்று எழுதிவிட்டுப் போனார். பிளாட்டினம் வந்துவிட்டது. பலகையை வரவேற்பறையில், காற்றைக் காட்டும் அந்தத் திரைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். லாய்ட், "உன்னை யாரும் போகச் சொல்லலியே" என்றார். உண்மைதான், யாரும் சொல்லவில்லை.

என் ஒரு நிமிட வேலையை நிஜமாக்குவதற்கு அந்த இரண்டு பேரை வெளியே எடுத்தார்கள். இதை ஆறுதலாகவோ தண்டனையாகவோ எழுதவில்லை. நடந்தது இதுதான்.

நேற்று ராயப்பேட்டைக்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் போனேன். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் போய்த் திரும்பிவிட வேண்டும் என்று கணக்கு. நின்றால் கஞ்சி வரும் என்று நீ எழுதியது சரி. ஹாஜிரா பீ வாசலில் புதினா ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இன்னாத்துக்கு என்கிட்ட தர்றே? மேல போயி அம்மீகிட்டயே குடேன். ஒன்பதாவது நோம்பு இன்னிக்கி. உன்ன பாத்தா சந்தோசப்படும்" என்றார்கள். நேரமாகிறது என்றேன். "நேரமாவுதுன்னா வந்திருக்கவே மாட்டே" என்றார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும்போல.

தெருவைத் தாண்டி எதிர்ச்சாரிக்கு வந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மாடியில் இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். திரைச்சீலை வெளியே வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அம்மீ குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அசையவே இல்லை, விரல்கள் தவிர. வெளிச்சம் அப்படியே இருந்தது.

பிறகு நிமிர்ந்தார்கள். என்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கையை உயர்த்தி அசைத்தார்கள். வா என்றா, போய் வா என்றா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

நானும் கையை அசைத்தேன். பஸ் வந்து நடுவில் நின்றது. அது போன பிறகு பார்த்தால் மறுபடி குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நடந்தே சாந்தோம் வந்து சேர்ந்தேன்.

இன்னும் எட்டு நோன்பு இருக்கிறது. வெயில் குறையட்டும்.

ஷெரில்